நெல்லிக்கொல்லைக்கு நான்கு தலை

நெல்லிக்கொல்லை,
9-6-2024

தங்கை மனோரமாவுக்கு தணிகைவேல் எழுதுவது.

நீ செய்த தவறை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது கடைசியில்.

ஜூன் மூன்றாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி பஸ் எங்கள் ஊருக்குள் வருவதில்லை. ஒடுகத்தூர் ரோட்டில் கைகாட்டியைத் தாண்டி நேராக மாதனூர் பக்கம் போய்விடுகிறது. டிரைவர் இருதயராஜைப் பிடித்துக் கேட்டேன். "இன்னா சார் பண்றது, புது லிஸ்ட்டு மெட்ராஸ்லருந்து வந்துக்குது. ஆறு தலைக்குக் கம்மின்னா வண்டிய உள்ள திருப்பக் கூடாதாம். உங்க ஊருக்கு நாலுதான் போட்டுக்குது" என்றான்.

மெட்ராஸ் ஆபீஸில் அந்த லிஸ்ட்டைப் போடுவது நீ. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் எழுதிய பஸ் லிஸ்ட் புரோகிராமில் நெல்லிக்கொல்லைக்கு ஒன்பது தலை. நீ வீட்டில் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் புத்தகத்தில் ஆரம்பித்து, வேலூரில் வாங்கிய பைத்தான் புத்தகத்தில் முடித்து, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் 2013-ல் நான் வருகைப்பதிவு பார்த்த டைம் ஆபீஸில் உட்கார்ந்து எழுதினேன். நான் ரிடையர் ஆன பிறகும் அதுதான் ஓடியது. பதினோரு வருடத்தில் ஒரு பஸ் ஒரு ஊரை விட்டதில்லை. உன்னுடையது வந்த முதல் மாதமே ஐந்து பேரை வடிகட்டிக் கீழே கொட்டிவிட்டது.

எதிர்வீட்டு யோகலட்சுமி உனக்குத் தெரியும். ஒன்பது வருடம் முன்னால் நான்தான் கம்பெனி கேட்டுக்கு அழைத்துப்போய் வேலைக்கு டோக்கன் வாங்கிக் கொடுத்தேன். இன்று அவள் தையல் லைனில் முதல் ஆள். தீபாவளிக்குள் லைன் சூப்பர்வைசர் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இப்போது விடியுமுன் மூன்று கிலோமீட்டர் நடக்கிறாள், ஓரகத்தி கவிப்ரியாவோடு. மலையடிவாரத்து ரோடு, காட்டுப்பன்றி குறுக்கே வருகிறது. அவள் புருஷன் மகேந்திரன், "செருப்பு தைக்கிறதுக்குக் காட்டுல நடக்கணுமா? நின்னுடு" என்கிறான்.

நீக்கிய ஐந்து பெயரும், உன் புரோகிராமில் அவர்களை நீக்கிய வரியும் எனக்கு வேண்டும். போனில் கூப்பிடாதே. நீ பேச்சை மாற்றுவாய். வாட்ஸ்அப்பும் வேண்டாம்; கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய். தபாலில் எழுது.

என் முழங்கால் எப்போதும்போல. உன் அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ ரத்தக்கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

தணிகைவேல்


சென்னை,
17-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு, மனோ வணக்கத்துடன்.

மாத்திரை போடுகிறேன். நீங்கள் கடிதம் எழுதினால் ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருக்கிறது.

தபாலில் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று! கவரில் ஒட்ட பசை தேடி அலைந்தேன்.

ஆறு தலை என்ற விதியை நான் போடவில்லை. டிரான்ஸ்போர்ட் மேனேஜர் நயீம் அகமது சார் போட்டது. என் வேலை எண்ணிக் கொடுப்பது மட்டும். கேட்டில் கார்டு தேய்த்தவர்களை வைத்துத்தான் எண்ணுகிறேன். நெல்லிக்கொல்லையில் தினமும் கார்டு தேய்ப்பவர்கள் நான்கு பேர்தான்.

புரோகிராம் சின்னதுதான். மொத்தம் அறுபத்திரண்டு ஊர். ஆறுக்குக் குறைந்த ஊர்களை முதலில் வடிகட்டிவிடுகிறேன். மிச்சத்தை பஸ் போகிற வரிசையில் அடுக்குகிறேன். முதலில் வடிகட்டினால் அடுக்க வேண்டியது குறையும், வேலை சீக்கிரம் முடியும். எல்லோரும் செய்கிற முறை இதுதான்.

வேலை செய்கிறவர்களின் பெயர்களை வெளியே அனுப்பக் கூடாது என்று கம்பெனியில் விதி இருக்கிறது, அண்ணா. நீங்கள் டைம் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர். உங்களுக்குத் தெரியாததா?

அண்ணியை முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மனோ


நெல்லிக்கொல்லை,
23-6-2024

மனோரமாவுக்கு,

விதியைச் சொல்லாதே. அந்த விதியை டைம் ஆபீஸ் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

முதலில் வடிகட்டினால் சீக்கிரம் முடியும் என்கிறாய். எவ்வளவு சீக்கிரம்? ஒரு நொடியா, அரை நொடியா? இங்கே ஒருத்தி தினமும் நாற்பது நிமிடம் நடக்கிறாள். உன் அரை நொடியை அவள் கணக்கில் வைத்துப் பார்.

நேற்று யோகலட்சுமி வந்தாள். "மாமா, உங்க கம்ப்யூட்டர்ல நான் இருக்கேன், உங்க தங்கச்சி கம்ப்யூட்டர்லயும் இருக்கேன். அப்புறம் பஸ் மட்டும் இன்னாத்துக்கு இல்ல?" என்று கேட்டாள். கவிப்ரியா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். "நம்ம நாலு பேரும் சேந்தா ஒரு பஸ்ஸுக்குப் பத்தலியாம்கா. இன்னும் ரெண்டு புள்ளைங்களப் பெத்து அனுப்பலாமா?" என்றாள். இரண்டு பேரின் செருப்பிலும் சேறு.

ஆவணி பிறந்தால் நின்றுவிட வேண்டும் என்று மகேந்திரன் கெடு வைத்திருக்கிறான். பத்து நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் டோக்கன் ரத்து. அவள் நின்றால் கவிப்ரியாவைத் தனியே அனுப்ப மாட்டார்கள். அப்புறம் ஊருக்கு இரண்டு தலை. சந்தோஷமா?

பெயர்களை அனுப்பாவிட்டால் நானே கண்டுபிடிக்கிறேன். ஊரில் எண்பத்திரண்டு வீடு.

நாங்கள் நலம்.

தணிகைவேல்


சென்னை,
4-7-2024

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகமென்று நினைக்கிறேன். இங்கே மழையே இல்லை.

அந்த ஐந்து பேரும் வேலையில் இல்லை. எப்போதோ நின்றுவிட்டார்கள். பழைய பதிவுகள் லிஸ்ட்டில் தங்கியிருந்தன, புது லிஸ்ட்டில் வரவில்லை, அவ்வளவுதான். இதற்காக நீங்கள் வெயிலில் வீடு வீடாக அலைய வேண்டாம்.

யோகலட்சுமி கேம்பஸிலேயே இருக்கிற ஹாஸ்டலில் தங்கிக்கொள்ளலாமே? கேட்டுப் பாருங்கள்.

மனோ


நெல்லிக்கொல்லை,
14-7-2024

மனோரமாவுக்கு,

இரண்டு பிள்ளைகளையும் புருஷனையும் விட்டுவிட்டு ஹாஸ்டலில் தங்கு என்று அவளிடம் நான் சொல்ல வேண்டுமாம். நீயே வந்து சொல்லிப் பார்.

இருதயராஜ் வண்டியில் கிடந்த மே மாத லிஸ்ட்டில் டோக்கன் நம்பர் மட்டும்தான் இருந்தது; அதை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐந்து பேரையும் கண்டுபிடித்துவிட்டேன். நீ சொன்னது சரிதான், ஐந்து பேரும் நின்றவர்கள். ஒருத்தி 2015-ல் நின்றிருக்கிறாள். அவள் மகன் இப்போது ஆறாவது படிக்கிறான். என் லிஸ்ட்டில் மட்டும் போன மே மாதம் வரை பஸ் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தனியாகக் கம்பெனிக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அக்கா தங்கை, ஓரகத்திகள், மாமியார் மருமகள் என்று ஜோடியாகத்தான் சேர்ப்பார்கள். ஒரே நாளில் சேர்வதால் டோக்கன் நம்பரும் அடுத்தடுத்து வரும். யோகலட்சுமி 4117, கவிப்ரியா 4118. ஜோடியில் ஒருத்தி நின்றால் அன்றே மற்றவளையும் நிறுத்திவிடுவார்கள்.

இந்த ஐந்து பேருக்கும் ஜோடி இருந்தது. ஜோடியில் முதல் நம்பர்காரி லிஸ்ட்டிலிருந்து போய்விட்டாள். இரண்டாம் நம்பர்காரி மட்டும் தங்கிவிட்டாள். ஐந்திலும் அப்படியே. இது பழைய பதிவு தங்கிப்போன கதை இல்லை. பழைய பதிவு இவ்வளவு ஒழுங்காகத் தங்காது.

என் பழைய புரோகிராமை ஒரு பிரிண்ட் எடுத்து அனுப்பு. எழுதி வைத்திருந்த நோட்டைக் கரையான் அரித்துவிட்டது.

முழங்கால் பரவாயில்லை. அண்ணி உனக்கு வடகம் போட்டு வைத்திருக்கிறாள்.

தணிகைவேல்


சென்னை,
22-7-2024

அன்புள்ள அண்ணா,

வடகத்துக்கு அண்ணிக்கு நன்றி. ஆளனுப்பி வாங்கிக்கொள்கிறேன்.

பழைய புரோகிராம் என்னிடம் இல்லை. டைம் ஆபீஸ் கம்ப்யூட்டரை மாற்றியபோது போய்விட்டிருக்கும். முடிந்துபோன விஷயம், அண்ணா. இதை இத்தோடு விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டு நான் இல்லை என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனோ


சென்னை,
12-8-2024

அன்புள்ள அண்ணா,

மூன்று வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. திட்டியாவது எழுதுங்கள்.

ரூட் விஷயமாக நேற்று இருதயராஜோடு போனில் பேச வேண்டியிருந்தது. பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: "மேடம், உங்க அண்ணன் தினம் காலையில கைகாட்டிக் கல்லு மேல குந்திக்கினுக்குறாரு. பொண்ணுங்க ஏறினதும் வாட்ச்சப் பாத்து நோட்டுல எழுதிக்குறாரு. ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில தடி. ஏறுங்க சார், ஒடுகத்தூர்ல டீ குடிச்சிட்டு வரலாம்னா என்னையே மொறைக்குறாரு."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். முதல் வாரத்திலிருந்தே என்றார்.

போக மூன்று கிலோமீட்டர், வர மூன்று. அறுபத்தாறு வயதில், அந்த முழங்காலோடு. "எப்போதும்போல", "பரவாயில்லை" என்று எனக்கு எழுதிக்கொண்டு.

மகேந்திரன் வைத்த ஆவணிக் கெடு நெருங்குகிறதே என்று கவலையாக இருக்கிறது. பதில் போடுங்கள்.

மனோ


நெல்லிக்கொல்லை,
25-8-2024

மனோரமாவுக்கு,

ஆவணி பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. யோகலட்சுமி போய்க்கொண்டுதான் இருக்கிறாள். மகேந்திரனிடம், "ஒரு கிழவன் கூட நடக்கிறான், இன்னா பயம் உனக்கு?" என்று கேட்டேன். "கிழவன் விழுந்தா யாரு தூக்குறது?" என்றான். ஐப்பசி வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். அதற்கு மேல் மாட்டான்.

நீ புரோகிராம் அனுப்பவில்லை. தேவையும் இல்லை. எழுதியவனுக்கு மறக்குமா? ஞாபகத்திலிருந்து முழுவதும் எழுதிப் பார்த்தேன். பழைய லேப்டாப்பில் ஓட்டியும் பார்த்தேன். ஒரு மாதமாக அதுதான் வேலை.

டைம் ஆபீஸ் வாசலில் நான் ஆள் எண்ணுவதை நீ பார்த்திருக்கிறாய். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று போவேன். மூன்றாவது நிற்பவள் வேலையை விட்டவள் என்று வைத்துக்கொள். "நீ போம்மா" என்கிறேன். அவள் விலகியதும் பின்னால் இருப்பவர்கள் ஓரடி முன்னால் வருகிறார்கள். நாலாவது நின்றவள் இப்போது மூன்றாம் இடத்தில் நிற்கிறாள். என் விரல் நாலாம் இடத்துக்குப் போய்விட்டது. அங்கே நிற்பது ஐந்தாவது ஆள். நாலாவது ஆளை நான் கேட்கவே இல்லை.

என் புரோகிராம் இதைத்தான் செய்தது. லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டே போகும்போது அதே லிஸ்ட்டிலிருந்து ஆளை நீக்கினேன். ஒருத்தியை நீக்கினால் அவளுக்கு அடுத்தவள் தப்பிவிடுவாள். அடுத்தவள் வேலையில் இருப்பவளானால் ஒரு நஷ்டமும் இல்லை. எங்கள் பெண்கள் ஜோடியாகச் சேர்ந்து ஜோடியாக நிற்பவர்கள். நானோ அழகாக இருக்கட்டும் என்று டோக்கன் வரிசையில் அடுக்கி வைத்திருந்தேன். அக்காள் போனாள், தங்கை தங்கினாள். பர்சனல் ஆபீஸிலிருந்து மாதாமாதம் வருகிற சீட்டில் அந்த மாதம் நின்றவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அடுத்த மாதம் தங்கையின் பெயர் அதில் இருக்காது. பிறகு அவளை யார் கேட்கப்போகிறார்கள்? அப்படியே வருடக்கணக்கில் நின்றுவிட்டாள்.

2013-ல் ஒரே ஒரு ஆள் நிற்பதாக வைத்துச் சோதித்தேன். சரியாக வந்தது. இரண்டு பேரை வைத்துச் சோதிக்கவில்லை.

போக வேண்டியவர்களை நீக்கக் கூடாது; இருக்க வேண்டியவர்களைப் புதிதாக ஒரு லிஸ்ட்டில் எழுத வேண்டும். உன்னுடையது அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த மட்டில் உன்னுடையது சரி.

தவறு என்னுடையது. எழுதிவிட்டேன், இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

நீ எப்போது கண்டுபிடித்தாய்? தேதி வேண்டும்.

தணிகைவேல்


சென்னை,
2-9-2024

அன்புள்ள அண்ணா,

பிப்ரவரி 19.

உங்கள் புரோகிராம் என் மேஜையில்தான் இருக்கிறது. இல்லையென்று எழுதியது பொய். அந்த வரியைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எல்லா ரூட்டிலும் சேர்த்து நூற்று முப்பத்தெட்டு பேர் இல்லாமலே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். காலி சீட்டோடு ஓட்டுவது டிரைவர்களுக்கெல்லாம் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

நயீம் சாருக்கு ரிப்போர்ட் எழுதும்போது "பழைய பதிவுகள்" என்று போட்டேன். டைம் ஆபீஸுக்குப் போயிருந்தபோது சுவரில் உங்கள் போட்டோவைப் பார்த்தேன். கீழே "பஸ் லிஸ்ட் புரோகிராம் – பதினோரு வருடம் பிழையில்லாமல்" என்று எழுதி மாலை போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து வேறு எப்படி எழுதுவேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேய்த்தலைகளால்தான் பதினோரு ஊருக்கு பஸ் போய்க்கொண்டிருந்தது. கணக்கைத் திருத்தினால் அந்தப் பதினோரு ஊருக்கும் நின்றுவிடும் என்று பிப்ரவரியிலேயே தெரியும். நம் ஊரும் அதில் இருப்பது தெரியும். மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். அதற்கு மேல் முடியவில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் நான் செய்த தவறு என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முட்டிக்கு டாக்டரைப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மனோ


நெல்லிக்கொல்லை,
8-9-2024

மனோரமாவுக்கு,

நீ செய்தது மூன்று தவறு. என் தவறை மறைத்தாய். இருக்கிற புரோகிராமை இல்லையென்று பொய் சொன்னாய். பதினோரு ஊருக்கு பஸ் நிற்கும் என்று தெரிந்தும் அந்த ஊர்களில் ஒருவரிடமும் சொல்லாமல் நிறுத்தினாய். மூன்றாவதுதான் பெரியது. என் போட்டோவுக்கு நீ பரிதாபப்பட்டதற்கு நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே.

இனி வேலையைப் பேசுவோம்.

நெல்லிக்கொல்லைக்கு நான்கு பேர். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைகாட்டியில் தினமும் ஏறுவது ஏழு பேர். என் நோட்டில் எழுபது நாள் கணக்கு இருக்கிறது, நகல் இத்துடன் வைத்திருக்கிறேன். மிச்ச மூன்று பேர் பாறைக்கொல்லைக்காரர்கள். கைகாட்டியிலிருந்து உள்ளே வருகிற ஒரே ரோட்டில் இரண்டாவது கிலோமீட்டர் பாறைக்கொல்லை, மூன்றாவது நெல்லிக்கொல்லை. எங்களுக்கு வருகிற பஸ் அவர்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.

உன் புரோகிராம் என்ன செய்கிறது? முதலில் வடிகட்டுகிறது. நான்கு, ஆறுக்குக் கீழே: போ. மூன்று, ஆறுக்குக் கீழே: போ. இரண்டு ஊரும் போன பிறகு ரோட்டு வரிசையில் அடுக்குகிறாய். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பார்க்க அப்போது அங்கே யாரும் இல்லை.

முதலில் அடுக்கு. அறுபத்திரண்டு ஊரையும் ரோட்டு வரிசையில் வை. ஒரே கிளை ரோட்டில் அடுத்தடுத்து இருக்கிற ஊர்களின் தலைகளைக் கூட்டு. அதற்கப்புறம் வடிகட்டு. நான்கும் மூன்றும் ஏழு. அடுக்கிவிட்டால் பக்கத்து ஊர் பக்கத்திலேயே இருக்கும், ஒரு தடவை பார்த்துக்கொண்டு போனால் போதும். அறுபத்திரண்டு வரியை அடுக்க உன் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குமா?

முதலில் வடிகட்டுவது எல்லோரும் செய்கிற முறை என்று எழுதினாய். நீக்குகிற விதி ஒரு ஆளை மட்டும் பார்ப்பதாக இருந்தால் அது சரி. பக்கத்து ஆளையும் பார்க்க வேண்டியிருந்தால் சரியில்லை. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கல் மேல் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

ஐப்பசிக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது.

தணிகைவேல்


சென்னை,
4-10-2024

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலமா? தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கையில் விஷயத்தோடு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

நீங்கள் சொன்னபடி மாற்றி எழுதினேன். முதலில் அடுக்கி, கூட்டி, பிறகு வடிகட்டினேன். கூடுதலாக ஆன நேரத்தை அளக்கப் பார்த்தேன், அளவில் வரவே இல்லை. பதினோரு ஊரில் நான்கு ஊர் திரும்பி வந்தது. நெல்லிக்கொல்லை, பாறைக்கொல்லை, வேறு இரண்டு. மிச்ச ஏழு ஊருக்குப் பக்கத்தில் கூட்ட ஆளில்லை.

மூன்றாம் தேதி மீட்டிங்கில் வைத்தேன். நயீம் சார் நோட்டை, அதாவது உங்கள் நோட்டுப் பக்கங்களின் நகலை, இரண்டு தடவை பார்த்தார். "எழுபது நாள் டைம் போட்டு எழுதிக்கினுக்குறாரே, யாரு இந்த ஆளு? நம்ம செக்யூரிட்டிகூட இப்படி எழுத மாட்டான்" என்றார். பெயர் சொன்னேன். "போட்டோவுல இருக்குற சாரா?" என்றார். ஒப்புக்கொண்டுவிட்டார். ஆயுத பூஜை முடிந்து அடுத்த திங்கள், 14-ஆம் தேதி, பஸ் உள்ளே வரும்.

பழைய லிஸ்ட் எப்படித் தப்பாயிற்று என்று கேட்டார். "பழைய பதிவுகள்" என்றே சொன்னேன். மினிட்ஸிலும் அப்படியே எழுதியாயிற்று. கோபப்படாதீர்கள். காரியம்தான் முடிந்துவிட்டதே.

மனோ


நெல்லிக்கொல்லை,
8-10-2024

தங்கை மனோரமாவுக்கு,

உன் கடிதம் வந்தது. யோகலட்சுமியிடம் 14-ஆம் தேதி என்று சொன்னேன். "நெஜமாவா மாமா? திரும்பி வடிகட்டிட மாட்டாங்களே?" என்றாள். கவிப்ரியா, "அப்போ நாளையிலருந்து மாமாவுக்கு லீவு" என்றாள். லீவு 14-ஆம் தேதியிலிருந்துதான்.

காரியம் முடிந்துவிட்டது என்கிறாய். முடியவில்லை. செய்ய வேண்டியதையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் விட்டுவிடாதே. என் புரோகிராம்போல, படித்துக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்துவிட்டு நகராதே. எதுவும் தப்பிப்போக வேண்டாம்.

மினிட்ஸில் "பழைய பதிவுகள்" என்பதை மாற்ற வேண்டும். தணிகைவேல், டைம் ஆபீஸ், 2013, பார்த்துக்கொண்டே நீக்கியதால் வந்த பிழை என்று எழுத வேண்டும். மாற்ற வேண்டியது நீ. காரணத்தை மறைத்தால் நாளைக்கு வேறொருத்தன் வந்து இதே வரியை எழுதுவான்.

டைம் ஆபீஸ் சுவரில் என் போட்டோவுக்குக் கீழே "பிழையில்லாமல்" என்ற வார்த்தையை அடிக்க வேண்டும். அடிக்க வேண்டியவர் நயீம் அகமது. மாலையை எடுத்துவிடட்டும், நான் உயிரோடு இருக்கிறேன். போட்டோ இருக்கட்டும். "பதினோரு வருடம்" என்பதும் இருக்கட்டும், அது உண்மை.

திரும்பி வராத ஏழு ஊருக்கும் பஸ் நின்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். ஏழு கைகாட்டியிலும் காலை ஆறு மணிக்கு ஒரு நாளாவது நின்று பார்த்த பிறகு அவர்களுக்கு என்ன செய்வதென்று முடிவு செய்ய வேண்டும். நிற்க வேண்டியவர் நயீம் அகமது. அவருக்கு முடியாவிட்டால் நீ. நோட்டும் பேனாவும் எடுத்துப் போக வேண்டும்.

இங்கே பஸ் திரும்புகிற இடத்தில் நான்கு மாதமாக வண்டி வரவில்லை என்று கடலைக்கொடிப் போர் போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அதை அகற்ற வேண்டும். போட்டவன் மகேந்திரன், அகற்ற வேண்டியவனும் அவனே. சொல்லிவிட்டேன். "அவ சூப்பர்வைசர் ஆனா என்னிய மதிப்பாளா?" என்றான். போரை எடுத்தால் மதிப்பாள் என்றேன். சிரிக்கவில்லை, ஆனால் இன்று காலை டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பாறைக்கொல்லை வளைவில் வேலிக்காத்தான் கிளை ரோட்டுக்கு வந்துவிட்டது. இருதயராஜ் 13-ஆம் தேதியே ஒரு தடவை காலி வண்டியைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

12-ஆம் தேதி வரை நடக்க வேண்டியவர்கள் யோகலட்சுமி, கவிப்ரியா, மற்ற இருவர், நான்.

14-ஆம் தேதி பஸ் வந்து போன நேரத்தை நோட்டில் எழுத வேண்டியது நான். என் வாசலில் நின்றே எழுதலாம்.

15-ஆம் தேதி என் முழங்காலை வேலூரில் காட்ட வேண்டும். ஜூலையிலிருந்தே மடக்க முடியவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டியதை நான் சரியாகச் சொல்ல மாட்டேன் என்று உன் அண்ணி சொல்கிறாள். கூட வர வேண்டியது நீ.

தணிகைவேல்